அனுமதியின்றித் திறந்த ஆன்டெனா

எங்கள் பொறியியல் கல்லூரியின் மின்னணு ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருப்பவரை எல்லோரும் ஈயக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் சால்டரிங் கம்பியும் ஈயமுமாகக் குனிந்திருப்பதால் மாணவர்கள் வைத்த பெயர். பத்தொன்பது வருடமும் தற்காலிகப் பணிதான். ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு ஆணை வரும். அதைத் தட்டச்சு செய்கிற அலுவலகக் குமாஸ்தா நான்.

ஒன்பது மாணவர்கள் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்தார்கள். இரண்டு கைக்குள் அடங்குகிற பெட்டி. மேலே போய் மேகங்களைப் படம் பிடித்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அதன் ஆன்டெனா, தச்சர்கள் அளவெடுக்கும் எஃகு டேப்பில் வெட்டிய நான்கு துண்டு. அவற்றை மடக்கி மீன்பிடி நரம்பால் கட்டி வைப்பார்கள். மேலே போனதும் சின்னக் கம்பியொன்று சூடாகி நரம்பை அறுக்கும், டேப் விரியும், அப்புறம்தான் செயற்கைக்கோளுக்கு வாய் திறக்கும். முடிச்சு தளர்ந்தால் வழியிலேயே அவிழும், இடம் தப்பினால் அவிழவே அவிழாது. மாணவர்கள் பதினொரு முறை கட்டிப் பதினொரு முறையும் தோற்று, கடைசியில் ஈயக்காவிடம் கொண்டுவந்தார்கள். அவர் கட்டிய முடிச்சு ஒருமுறைகூடத் தவறவில்லை.

பெட்டியின் பக்கத்தில் பெயர்த் தகடு ஒன்று உண்டு. முதல்வர், துணை முதல்வர், தாளாளர், தாளாளரின் மருமகன் என்று முப்பது பெயர். ஈயக்கா பெயர் இல்லையே என்று கேட்டேன். தகட்டில் இடமில்லை என்றார் துணை முதல்வர். மருமகனுக்கு இருந்தது.

அனுப்பி வைக்கும் நாள் காலையில் மண்டபத்தில் விழா. மாலை நான்கு மணிக்கு ராக்கெட் நிறுவனத்து வண்டி வரும். அதற்குள் ஒப்படைக்காவிட்டால் எங்கள் இடம் வேறொரு கல்லூரிக்குப் போய்விடும். மேடையில் மேசைமேல் செயற்கைக்கோள். அதில் சிவப்பு நாடா தொங்கும் ஓர் ஊசி. ஊசி செருகியிருக்கும்வரை அது தூங்கும். ராக்கெட்டின் கூட்டுக்குள் வைத்து மூடும்போதுதான் உருவ வேண்டும். அப்புறம் மேலே போய்க் கூட்டிலிருந்து வெளியே தள்ளும்வரை கூட்டின் சுவரே பொத்தானை அழுத்தி அதைத் தூங்க வைக்கும். வெளியில் உருவினால், தான் விண்வெளியில் மிதப்பதாக நினைத்து முப்பது நிமிடம் எண்ண ஆரம்பித்துவிடும்.

நாடாவில் ‘பறக்குமுன் அகற்றவும்’ என்று எழுதியிருந்தது. சிவப்பு நாடாவையும் காமிராவையும் ஒருசேரப் பார்த்தால் எங்கள் முதல்வருக்குக் கை சும்மா இருக்காது. உருவிவிட்டார். ஒரே கைதட்டல்.

மாணவர் குழுத் தலைவி அலறிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். துணை முதல்வர் குறுக்கே நின்றார்.

“முதல்வர் பேசிட்டிருக்கார். இப்ப மேடை ஏறக் கூடாது.”

ஈயக்கா எழுந்தார். “சார், அந்த ஊசிய மட்டும் திருப்பிச் செருகிடறோம் சார்.”

“உக்காருங்கம்மா, மரியாதை தெரியாம!” என்று அதட்டினார் துணை முதல்வர்.

முதல்வர் அந்த ஊசியையே ஆட்டி ஆட்டிப் பேசினார். கால் மணியில் முடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்கோ முன்னுரையே இருபது நிமிடம். ‘சுருங்கச் சொன்னால்’ என்று அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது படாரென்று நான்கு டேப்பும் விரிந்தன. உரைத் தாள்கள் பறந்தன. முதல்வர் மேசைக்கடியில் இருந்தார். மண்டபமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஈயக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவர் பெட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். முடிச்சின் மேல் வைக்கும் பசை காயவே இரண்டு மணி நேரம் வேண்டும்.

“முடியுமாக்கா?”

“முடியும் தம்பி. யாரும் உள்ள வராம பாத்துக்க.”

மூன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. துணை முதல்வர். “போட்டோ சரியா வரலியாம். இன்னொரு தடவை அந்த ஊசிய...”

“முடியாது சார்.”

பத்தொன்பது வருடத்தில் ஈயக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். நான்கு மணிக்கு வண்டி வந்து பெட்டியைக் கொண்டுபோனது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாளே முதல்வர் ஈயக்காவுக்கு ஒரு குறிப்பாணை எழுதச் சொன்னார். ‘முதல்வர் உரையாற்றும்போது முன் அனுமதியின்றி ஆன்டெனா திறந்தது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தராவிடில் பணி நீட்டிப்பு பரிசீலிக்கப்படாது.’ வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டச்சு செய்தேன். ஐந்து மேசைகளில் கையொப்பம் வாங்கி, மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வர அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. அது ஈயக்காவின் கைக்கு வந்த அன்றுதான் ராக்கெட் கிளம்பியது.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வீட்டில் நடந்ததை ஈயக்காவே சொன்னார். “மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடேன். பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு” என்றாராம். “எதுக்குங்க மன்னிப்பு? சரியா வேலை செஞ்சதுக்கா?” என்று இவர் கேட்டாராம்.

ராக்கெட் நல்லபடியாகப் போய்விட்டது. செயற்கைக்கோளிடமிருந்துதான் சத்தமே இல்லை. அது வானத்தில் எந்த இடத்தில் வரும் என்ற கணக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றார்கள் மாணவர்கள். ஈயக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. “அவசரத்துல கட்டினேன் தம்பி. ஒரு சுத்து மாறியிருந்தாலும் புள்ளைங்க மூணு வருசம் பாடுபட்டது போச்சு” என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை கணக்கு வந்தது. எல்லோரும் மொட்டைமாடி அறையில் கூடினோம். குழுத் தலைவி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கத்தினாள். “அக்கா, பேசுதுக்கா!”

திரையில் முதல் வரி: ‘ஆன்டெனா திறந்தது: 30ஆவது நிமிடம்.’ ஈயக்கா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன?

பிறகு நேராக என் மேசைக்கு வந்து, “டைப் பண்ணு தம்பி” என்றார். ‘ஐயா, ஊசியும் கூடும் இல்லாமல் வெளியில் விட்டால் முப்பதாவது நிமிடம் திறக்க வேண்டும் என்பதே மாணவர்கள் கேட்டது. மண்டபத்தில் அப்படித்தான் திறந்தது. மேலேயும் அப்படித்தான் திறந்திருக்கிறது. இரண்டு முறையும் கட்டியது நான்.’ மன்னிப்பு என்ற சொல் எங்குமில்லை.

அன்று மாலை முதல்வர் பத்திரிகையாளர்களிடம், ஆன்டெனாவைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே சோதித்துப் பார்த்ததாகச் சொன்னார். அப்படிச் சொன்ன வாயால் யாரைத் தண்டிப்பது? மறுநாள் ஈயக்காவின் பதில் பச்சை மைக் குறிப்போடு என் மேசைக்குத் திரும்பியது: ‘ஆன்டெனா திறக்க முன்தேதியிட்டு அனுமதி அளிக்கப்படுகிறது. பணியாளருக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு, தற்காலிகமாக.’