போலந்து பாட்டிலும் மாமாவின் சத்தியமும்

தானே புயலுக்கு முந்தின வருஷம், கடலூரில் எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்த சிதம்பரத்துக்காரர், பூ பழத்தோடு ஒரு பாட்டிலையும் கொண்டுவந்தார். அவருக்குப் போலந்தில் வேலை, லீவில் வந்திருந்தார். அது அந்த நாட்டின் பழைய காலத்துப் பானமாம். கறுப்பு ரொட்டியை ஊறவைத்துச் செய்வார்களாம். சின்னப் பிள்ளைகள்கூடக் குடிக்குமாம். ஒரு சாக்லேட் டப்பா வாங்கி வந்தால் என்ன கேடு இந்த மனுஷனுக்கு என்று எனக்கு அப்போதே எரிச்சல்.

ஏனென்றால் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. அதற்குமுன் வந்தவர்களையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தே வேண்டாம் என்றவள், இவருக்குக் காபி கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவுங்கதான்டி," என்றாள்.

அம்மாவுக்கோ குடிக்கிறவன் வாசப்படி ஏறக்கூடாது. தன் தம்பியால், அதாவது எங்கள் மாமாவின் குடியால், அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் மாமா கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். அன்றிலிருந்து அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீட்டுக்காரர் மோர் புளித்தால்கூடக் குடிக்கமாட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுக்களையில் அம்மா பாட்டிலின் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. புளித்த வாடை தூக்கியது.

"ரொட்டிய ஊறப்போட்டுப் புளிக்க வச்சா அதுக்குப் பேரு என்னாடி? சுண்டக்கஞ்சிதான? இந்த எடம் வேணாம்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்து, ஒரு டம்ளரில் ஊற்றி மடக்கென்று குடித்தேன். டீக்கடைப் பொறையைக் கருகவிட்டு வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி ஒரு ருசி. கண்றாவி. ஆனால் தலையெல்லாம் சுற்றவில்லை. சொன்னேன். குடித்துப் பழக்கமில்லாத உனக்கு அதெல்லாம் என்ன தெரியும் என்றாள் அம்மா. அதுவும் நியாயம்தான். எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரைக் கூடத்திலிருந்து கூப்பிட்டோம்.

சத்தியம் பண்ணினவனைப் போய்க் கூப்பிடுகிறாயே என்று மாமா மிகவும் வருத்தப்பட்டார். விழுங்க வேண்டாம், நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும் என்று அம்மா கெஞ்சினாள். சரியென்று அண்ணாந்து, வாய் படாமல், உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார். பொங்குகிற பானத்தை யாராவது அப்படிக் குடிப்பார்களா? நுரை மூக்கு வழியாக வந்தது. தும்மினார். மறுபடி ஊற்றி, விழுங்கி, கண்ணை மூடி யோசித்தார். சந்தேகம் தீராமல் இன்னும் ஒரு வாய். பிறகு முகம் தொங்கிப்போய்விட்டது.

"இதுல ஒண்ணுமே இல்லக்கா. போன சனிக்கெழம பாண்டியில அடிச்ச பீருல கால்வாசிகூட இல்ல."

அடுக்களை வாசலில் வெற்றிலைத் தட்டோடு அத்தை நின்றிருந்தாள். போன சனிக்கிழமை மாமாவுக்குச் சிப்காட் கம்பெனியில் ஓவர்டைம் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. குடிக்காதவர் யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். மாமாவை நினைத்தால் பாவமாகவும், அக்காவைப் பார்த்தால் குதிக்கவேண்டும் போலவும் இருந்தது எனக்கு.

அத்தை தட்டை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் ஊற்றித் தானும் குடித்துப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, தாராளமா பொண்ணக் குடுங்க," என்றாள். பிறகு மாமாவிடம், "நீங்க வீட்டுக்கு வாங்க."

அந்தத் தையிலேயே கல்யாணம். தன் கல்யாணமே மாமா வாயால்தான் நடந்தது என்று மாப்பிள்ளைக்கு அவர்மேல் அத்தனை மரியாதை. ஒவ்வொரு லீவுக்கும் மாமாவுக்கென்றே அந்தப் பாட்டில்களைச் சுமந்து வருகிறார். பாண்டி ஞாபகம் வந்தால் இதைக் குடிக்கட்டும் என்பது அத்தையின் தீர்ப்பு. அவள் எதிரில் உட்கார்ந்து ஊற்றித் தர, மாமா அந்த ரொட்டித் தண்ணியைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாகவேண்டும்.