மூன்றாவது வால்வின் சால்டர்

வோல்க்மார் டெஷ்னரின் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியும் அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஊரில் இதை அதிகம் பேசியவள் அவருடைய மைத்துனி ரோஸ்விதாதான். பேசாமல் என்ன செய்வாள்? அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து மண்டப வாசலில் எல்லோரும் வரிசையாக நின்று கைகொடுத்தபோது, மனுஷன் ஆளாளுக்கு "வந்ததுக்கு நன்றி" என்று சொல்லிக்கொண்டே, கூரையில் மழைநீர்க் குழாயின் ஆணி கழன்றிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆணியை அடித்துவிட்டும் வந்தார்.

சனிக்கிழமை தவறாமல் ரோஸ்விதா உருளைக்கிழங்கு சூப் கொண்டுவருவாள். வைத்துவிட்டுப் போகமாட்டாள், உட்கார்ந்து கேட்பாள்.

"உன் நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு வோல்க்மார்? பழுப்பு நிலக்கரியா?"

"தெரியல."

"எங்க அக்கா உன்கூட நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினா. ஒரு நாளாவது அழுதியா?"

"சூப்புல உப்பு கம்மி" என்பார் வோல்க்மார். வேண்டுமென்று சொல்வதில்லை. உப்பு உண்மையிலேயே கம்மிதான்.

கல்லுளிமங்கன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்னைக் கேட்டால், அவர் எதையும் மறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு. கடித்தாலும் தெரியாது. ரோஸ்விதா ஒரே மத்தியானத்தில் அக்காவின் உடுப்புகள், செருப்புகள், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து எடுத்துப்போனபோது அவரே கதவைத் திறந்துபிடித்தார். தனக்கு எதுவும் தோன்றவில்லையே என்பது மட்டும் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மனைவி ரைன்ஹில்டை அவர் முதலில் சந்தித்ததே சண்டையில்தான். பதினாறு வயதில் ஆற்றங்கரை அளவுக்கருவித் தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டர் வேலைக்குச் சேர்ந்தார். வரிசையின் கடைசியில் பூதக்கண்ணாடியோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவள்தான் சோதனைக்காரி. நல்ல சால்டர் கண்ணாடி போலப் பளபளக்கும். மங்கலாக இருந்தால் அதன் மேல் ஒரு பொட்டு சிவப்புச் சாயம் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். வோல்க்மாரின் முதல் பலகை பதினொரு சிவப்புப் பொட்டோடு திரும்பி வந்தது. விறுவிறுவென்று அவளிடமே போய் நின்றார்.

"ஏன், வேலை செய்யுதில்ல?"

"இன்னிக்குச் செய்யும்" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அந்த வாய்க்காகத்தான் கட்டிக்கொண்டார் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார்: சிவப்புச் சாயம் வீட்டுக்குள் வரக்கூடாது. அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

பழைய கம்யூனிஸ்ட் அரசாங்கம் போய் ஒரு வருஷத்துக்குள் தொழிற்சாலையை மூடினார்கள். இருவரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மேல்கிராமத்தில் ஒரு விவசாயி வைக்கோல் பரணிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இறக்கி இவர்களிடம் கொண்டுவந்தான். போர்க்காலத்து ராணுவ ரேடியோ, முதுகில் சுமந்துகொண்டு போகிற ரகம். பழைய ஆட்சியில் அதை வைத்திருப்பதே வம்பு என்பதால் ஐம்பது வருஷம் வைக்கோலுக்குள் கிடந்திருக்கிறது. எலி மூத்திரத்தில் பாதி துருப்பிடித்திருந்தது. வோல்க்மார் மூடியைக் கழற்றிப் பார்த்தார். நான்கே வால்வு, நான்கும் ஒரே மாதிரி, எது போனாலும் போர்க்களத்தில் ஒரே மாற்று போதும். எட்டு அலைவரிசைக்கும் எட்டுச் சுருள்கள் ஓர் உருளையில், கைப்பிடியைத் திருப்பினால் வரிசையாக வந்து உட்காருகின்றன. அவர் கைப்பிடியைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார்.

ரைன்ஹில்டுக்கு அதில் மயக்கமில்லை. "எங்க அப்பா முதுகுல ஏறி ரஷ்யா வரைக்கும் போன சனியன் இது. திரும்பி வந்தப்ப அவருக்கு இடது காது இல்ல."

"அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? தொட்டா ஒழுங்கா செய்யணும், அவ்வளவுதான்."

இருபது வருஷத்தில் நாற்பத்து மூன்று ரேடியோக்களை உயிர்ப்பித்தார்கள். போர்க்காலத்து ஆட்சியின் கழுகு முத்திரை இருந்த இடத்தில் துணிநாடா ஒட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். நாடாவைப் பிய்த்துக் காட்டச் சொல்லி கண்ணில் ஒருவிதப் பளபளப்போடு சிலபேர் வருவார்கள். அவர்களை ரைன்ஹில்ட் வாசலோடு துரத்திவிடுவாள்.

இந்தப் பெட்டிகளில் முதலில் கெடுவது, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் காகிதக் கண்டன்சர். எழுபது வருஷம் ஈரம் குடித்த காகிதம் வேறு என்ன ஆகும்? புதிய கண்டன்சரை வெளிப்படையாக வைத்தால் பெட்டியின் முகம் கெட்டுவிடும். அதனால் பழைய கூட்டைச் சூடாக்கி, உள்ளே இருப்பதை உருவி எறிந்து, விரல்நகம் அளவு புதியதை உள்ளே வைத்து, மெழுகு ஊற்றி மூடிவிடுவார்கள். பார்த்தால் எவனுக்கும் தெரியாது. வோல்க்மாரின் விரல்கள் தடிமன் என்பதால் அந்த வேலை முழுக்க ரைன்ஹில்டுடையது. பின்னால் திறக்கிறவனுக்குத் தெரியட்டும் என்று, தேதியும் அளவும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டை உள்ளே சுருட்டி வைப்பாள். மெழுகு இறுகுமுன் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அதுதான் அவள் முத்திரை.

எழுதும்போது முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"பாக்காத. உனக்கு இல்ல இது. நாப்பது வருஷம் கழிச்சு வரப்போறவனுக்கு."

அவள் போன மறுவருஷம் ஏப்ரல் மாதம், டெட்லெஃப் ப்ரோஹாஸ்கா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கெம்னிட்ஸில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வானொலிப் பைத்தியங்களுக்குள் 'நீங்க' கிடையாது, பார்த்த முதல் நாளே 'நீ'தான்.

"உங்க ரெண்டு பேரு வேலைதான் இது. பதினோரு வருஷமா கிளி மாதிரி பேசிக்கிட்டிருந்தது. இப்ப பத்து நிமிஷம் பேசுது, அப்புறம் தொண்டையைக் கட்டிக்குது. மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நம்ம ரேடியோக்காரங்க கூட்டத்துல இதைத்தான் பாட வைக்கிறதா எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன்."

"வச்சிட்டுப் போ."

வோல்க்மார் பெட்டியைத் திறந்து, பேட்டரியை இணைத்து, மின் அளவியை வைத்துப் பார்த்தார். பத்தாவது நிமிடம் மூன்றாவது வால்வில் மின்னழுத்தம் சரிந்தது. அந்த வால்வுக்கான கண்டன்சரின் ஒரு கம்பிக்காலைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு மாற்றைக் கிளிப்பில் மாட்டினார். ஒரு மணி நேரம் ஓடியும் ரேடியோ தொண்டையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆக, அந்தக் கண்டன்சர்தான். ரைன்ஹில்டின் கண்டன்சர்.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். மெழுகின் மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை, நேற்று வைத்தது போல. விரலின் குறுக்கே கத்திக்காயத் தழும்பு ஒன்று இருக்குமே, அந்தக் கோடுகூடத் தெரிந்தது.

திறக்க வேண்டுமானால் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் ரேகை போய்விடும். துணிமணியைக் கதவு திறந்து வழியனுப்பிய மனுஷனுக்கு இங்கே கை ஓடவில்லை. பெட்டியைத் துணிபோட்டு மூடினார். ஒரு வாரம் தோட்டத்து வேலியைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் டெட்லெஃப் போனில் கேட்டார்.

"என்னப்பா, ஆச்சா?"

"பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம், ஞாபகம் வச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை காலை துணியை எடுத்தார். அவள் செய்த வேலையில் கோளாறு என்று கண்டால், அதை அப்படியே விட அவளே சம்மதிக்கமாட்டாள். தொட்டால் ஒழுங்காகச் செய்யணும் என்றவள் அவள். தலைமுடி உலர்த்தியை எடுத்துச் சூடான காற்றைப் பிடித்தார். ரேகை முதலில் பளபளத்தது. பிறகு தழும்புக் கோடு இளகியது, பிறகு எல்லாம் சமமாகி வழிந்தது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே தோன்றவில்லை.

உள்ளே இருந்த கண்டன்சரை இடுக்கியால் இழுத்து அளவியில் வைத்தார். ஒரு குறையும் இல்லை. இன்னொரு அளவியில் வைத்தார், அதிலும் இல்லை. சூடாக்கி, குளிரவைத்து, அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். அன்று கடையில் வாங்கியதைவிட நன்றாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கு அவள் ரேகையை அழித்திருக்கிறார்.

கூட்டின் அடியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மெழுகைத் துடைத்து விரித்தார். பென்சில் எழுத்து, தொழிற்சாலைப் படிவம் நிரப்புவது போலக் குட்டிகுட்டியாக.

'0.1. 14 மே 2003. ரை. டெ. வணக்கம். இந்தக் கண்டன்சர் நல்லா இருக்கு, நான் பாத்துட்டேன். இதைத் திறந்துட்டீங்கன்னா தப்பான இடத்துல தேடறீங்க. மூணாவது வால்வு மேல், பச்சை ஒயர் வர்ற இடத்துல என் புருஷன் வச்ச சால்டர் மங்கலா இருக்கு. சொன்னேன். நாப்பது வருஷமா சால்டர் வைக்கிறவன்கிட்டயே இதைச் சொல்றியான்னு ரெண்டு நாள் பேசல. வீட்டுல சிவப்புச் சாயம் கிடையாது, அதனால இங்க எழுதறேன். இன்னிக்கு வேலை செய்யும்.'

பூதக்கண்ணாடியை எடுத்துப் பச்சை ஒயரைப் பார்த்தார். மங்கல். கண்டன்சரின் காலைக் கழற்றியபோது அந்த ஒயரும் ஆடியிருக்கிறது. ஆட்டத்தில் தொடர்பு தற்செயலாகப் பிடித்துக்கொள்ள, அவர் கண்டன்சரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். தன் கை வைத்த சால்டரைச் சந்தேகிக்கவேண்டும் என்று ஐம்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அவள் சொன்னதும், தான் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் நன்றாக நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் அவளாகத்தான் வந்து பேசினாள்.

பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைத்தார். பளபளவென்று நின்றது. பிறகு சீட்டை எடுத்து, அதன் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: 'பாத்தேன். நீ சொன்னது சரி. 2 மே 2014. வோ.' வரப்போகிறவனுக்கு அது என்ன புரியும், பாவம். சுருட்டி உள்ளே வைத்தார், கண்டன்சரை வைத்தார், மெழுகை ஊற்றினார். முத்திரை இல்லாமல் விட்டால் சோதனைக்காரி ஒப்புக்கொள்ளமாட்டாளே என்று தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அவசரப்பட்டுவிட்டார், மெழுகு இன்னும் இறுகத் தொடங்கவில்லை. சுரீரென்று சுட்டது. விரலை எடுக்கவில்லை.

சனிக்கிழமை டெட்லெஃப் வந்தபோது மேசை மேல் ரேடியோ ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தது, ஏதோ ஊர் வானிலை. ரோஸ்விதாவும் சூப்போடு அடுப்படியில் இருந்தாள்.

"கண்டன்சர்தானே?" என்றார் டெட்லெஃப்.

"இல்ல. என் சால்டர்."

"எது, உன் சால்டரா? உன் வாயால இதைக் கேக்கறதுக்கு ரைன்ஹில்ட் இல்லாமப் போயிட்டாளே. வருஷம் பூரா சொல்லிக் காட்டியிருப்பா."

"ஆமா" என்றார் வோல்க்மார். கொப்புளம் கண்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். ரோஸ்விதா கரண்டியோடு ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். டெட்லெஃபுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ரேடியோவின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.