முள் இல்லாத மீட்டர்

மூன்றாவது கலர்

"முள்ளு தெளிவாத் தெரியுதா பாய்?" என்று கேட்டேன்.

"ஜம்முனு தெரியுது மாப்ள. இந்தச் செவப்புதான் சரி. மாட்டிக் குடு, கெளம்புறேன்" என்றார் சிக்கந்தர் பாய்.

மீட்டரில் முள்ளே இல்லை. எல்லா முள்களும் என் மேஜை மேல் ஒரு டப்பா மூடியில் கிடந்தன.

கம்பத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாயின் ஜீப் மாடலில் மீட்டருக்கு வெளிச்சம் தரும் எல்இடி எல்லாம் போர்டோடு பற்றவைத்திருக்கும். கலர் மாற்ற வேண்டுமென்றால் மீட்டரை டேஷ்போர்டிலிருந்து கழற்றி, முள்களைப் பிடுங்கி, எண் போட்ட டயலை எடுத்து, ஒவ்வொரு எல்இடியாகச் சால்டரிங் வைத்து மாற்ற வேண்டும். பிறகு டயலை வைத்து, முள் மாட்டுவதற்கு முன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எரியவிட்டுப் பார்ப்பேன். வெளிச்சம் எங்காவது திட்டுத்திட்டாக இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம். அன்றும் ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கிக்கொண்டு அப்படித்தான் எரியவிட்டிருந்தேன்.

பாய்க்கு அது மூன்றாவது கலர். கம்பெனி நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளை போடச் சொன்னார். வெள்ளை கண்ணாடியில் அடிக்கிறது என்று பச்சை கேட்டார். பச்சையில் ஒன்றும் பிடிபடவில்லை என்று இப்போது சிவப்பு. "கல்யாணச் சேலை எடுக்கிறவககூட இத்தனை தடவை மாத்த மாட்டாக பாய்" என்று காலையில்தான் கிண்டல் செய்திருந்தேன். முள் தெரிகிறதா என்று கேட்டதும் கிண்டலுக்குத்தான். 'எங்கடா முள்ளு?' என்று திட்டுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை வைத்து இன்னொரு தடவை கேட்டேன். "ஹீட் முள்ளு எங்கன நிக்குது?"

மீட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "கீழதான் நிக்குது. இஞ்சின் ஓடலைல்ல?"

பாய் ஓட்டும் அந்த ஜீப் தினமும் விடியலில் கம்பம் மெட்டு மலை ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டி. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா, பேச்சியம்மாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால்தான் வண்டி என் கடையில் நின்றது. மறுநாள் விடிந்தால் மலை ஏறும்.

"மீட்டர்ல முள்ளே இல்ல பாய்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "என்னா, பரீட்சை வைக்கிறியா? வண்டிச் சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"என் வண்டிடா அது."

"உங்க வண்டிதான். உள்ள உக்காந்து வாரது எங்க அக்கா."

"வருசக் கணக்கா ஏறுற மலை. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அதத்தான் இப்பச் செஞ்சுக்கிட்டிருக்கீக."

அவர் கை ஓங்கவில்லை; ஓங்கியிருந்தால்கூட வாங்கியிருப்பேன். சாவியையும் முள்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முன் சீட்

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்குக் கீழே குனிந்து அக்கா உள்ளே வந்தாள். கடைக்குப் பின் சந்தில்தான் அவள் வீடு.

"ஏலே, செவப்பு மாட்டிட்டியா? போன தடவ மாதிரி மங்கலாப் போட்டுறாத. ஹீட் முள்ளு எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

"உனக்கு எதுக்கு ஹீட் முள்ளு?"

அப்போதுதான் பாயின் முகத்தைப் பார்த்தாள். பேச்சை விழுங்கிக்கொண்டு ஒரு பழைய பேட்டரி மேல் உட்கார்ந்தாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

"மழைக்கு முந்தி ஒருநா, தண்ணி கொதிச்சுப் பாதி மலையில நின்னோம். முள்ளு ஏறுனத பாய் பாக்கல. அன்னையிலிருந்து நான்தான் முன் சீட்ல உக்காந்து பாத்துச் சொல்றேன். வளைவு வந்தா வளைவும்பேன். எதுக்க வண்டி வந்தா ஒதுங்குங்கம்பேன். வண்டியில வர்ற எல்லாருக்கும் தெரியும்லே."

வெள்ளை, பச்சை, சிவப்பு எல்லாம் அக்காவின் கண்ணுக்காகக் கேட்டவை. பாய் தூது வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"உங்களுக்கெல்லாம் கிறுக்கா பிடிச்சிருக்கு? வேற ஜீப்பே இல்லையா ஊருல?" என்று கத்தினேன்.

"இருக்கு. ஒரு நிமிசம் பிந்துனா விட்டுட்டுப் போயிருவானுக. அன்னைக்குப் பொழப்பு போச்சு. பாய் நிப்பாக. எவளுக்காச்சும் மேலுக்கு முடியலன்னா வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவாக. இவுகள எப்பிடிலே விட?"

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு தன் தகப்பனாரைப் பற்றிப் பேசினார். "எங்க அத்தாவுக்கு ரெண்டு கண்ணும் போயி, மூலையில உக்காந்தே மவுத்தானாக. எனக்கும் அதுதான்னு தெரிஞ்சுபோச்சு மாப்ள. டாக்டர்ட்ட போனா அத வாயாலயே சொல்லிருவாரு."

அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை. லாரி ஓட்டிய காலத்து லைசென்ஸ் என்னிடம் இருந்தது. "நாளைக்கு வண்டிய நான் ஓட்டுறேன்" என்றேன்.

பாய் வாசலுக்கு நடந்தார். பாதி இறங்கிய ஷட்டர் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. "குனிங்க பாய்" என்றாள் அக்கா. அவர் குனிந்து வெளியேறினார்.

மெட்டு

ராத்திரியே முள்களை மாட்டி மீட்டரை வண்டியில் பொருத்திவிட்டேன். மறுநாள் மலையில் நல்ல பனி. பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவிலேயே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "வலது. ஒடிச்சுத் திருப்பு. இங்கன ஒரு பள்ளம்."

"எனக்குமா?"

"பழகிருச்சுலே. சொல்லாட்டி பயமா இருக்கு."

உண்மையைச் சொன்னால், அவள் சொல்வது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. ஒரு வளைவும் பிசகவில்லை. இடையிடையே மீட்டரை எட்டிப் பார்த்து "ஹீட்டு பாதிதான்" என்பாள். இவ்வளவு சரியாகச் சொல்கிறாளே, நான்தான் தேவையில்லாமல் குதித்துவிட்டேனோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"இனி நேர் ரோடு. தாராளமா விடு" என்றாள். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

பனிக்குள் ஒரு டிப்பர் லாரியின் பின்பக்கம் திடீரென்று எழுந்து நின்றது. டெயில் லேம்ப் இல்லை, பார்க்கிங் லைட் இல்லை, ஒரு கல்கூட வைத்திருக்கவில்லை. பிரேக்கை மிதித்த மிதியில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது? இடது பக்கம் பள்ளம். பின்னால் பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து அலறினார்கள். வண்டி நின்றபோது பம்பருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது.

இறங்கிப்போய் லாரி டிரைவரை மூச்சு வாங்கும்வரை திட்டினேன். ஆக்சில் உடைந்துவிட்டது என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். திரும்பி வந்தபோது அக்கா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தபடியே இருந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் கன்னம் நனைந்திருந்தது தெரிந்தது.

"வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த லாரி நேத்து இங்கன இல்லையே தம்பி" என்றாள்.

நான் பார்த்ததால் நின்றது. பாய் இருந்திருந்தால் அக்கா பார்த்து, அக்கா சொல்லி, பாய் மிதித்திருக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பின்னால் இருந்தவர்களுக்கும் அது புரிந்திருந்தது.

சாயங்காலம் இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. கூடையும் கையுமாக நேரே பாய் வீட்டுக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பாயோடு அனுப்புவதற்காக மறுநாள் ஒருத்தரும் வேலைக்குப் போகாமல் அந்தக் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். நான் பாயைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனேன்.

இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடும் என்றார் டாக்டர். பாய் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எங்க அத்தாவுக்கும் இதுதானா இருந்திருக்குமோ மாப்ள?"



ஒரு நூல் சாய்வு

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னபிறகு, அதுவரை ஜீப்பை ஓட்டிய என்னிடம் சாவி வாங்கப் பாய் கடைக்கு வந்தார். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். குனிந்து உள்ளே வந்தார், யாரும் சொல்லவில்லை. ஜீப்பில் உட்கார்ந்து சாவியைத் திருகி லைட்டைப் போட்டார்.

"அட கருமமே, என்னா கலரு இது? அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. கம்பெனி நீலத்தையே போட்டு விடு." பிறகு இன்னும் உற்றுப் பார்த்தார். "ஏன்டா, இந்த ஹீட் முள்ளு ஒரு நூல் சாஞ்சுல்ல நிக்குது? ஒழுங்கா மாட்ட மாட்டியா?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. என் வேலையில் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

அதிலிருந்து யார் கலர் மாற்ற வந்தாலும், முள் மாட்டுவதற்கு முன் கூப்பிட்டுக் காட்டி, "முள்ளு தெரியுதாண்ணே?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் திட்டுத்தான் கிடைக்கும். "முள்ளே இல்லாமக் கேக்குறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்பார்கள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் முள்ளைக் கையில் எடுக்கிறேன்.