வெயில் இருந்தும் ஓடாத கிரைண்டர்

2012 கோடையில் மயிலாப்பூரில் எங்கள் தெருவின் மேற்கு வரிசைக்கு ஒரு நேரமும் கிழக்கு வரிசைக்கு வேறொரு நேரமும் மின்வெட்டு வரும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி டிரான்ஸ்பார்மர். தேங்காயும் பச்சைமிளகாயும் போட்ட மிக்ஸி ஜாரோடு சாலையைக் கடந்து, எதிர்வீட்டில் அரைத்துக்கொண்டு திரும்புவது அப்போது யாருக்கும் வெட்கமான காரியமாக இல்லை. பிறகு மின்வெட்டு குறைந்தது. எதிர்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் சோலார் தகடுகள் போட்டது அதற்குப் பல வருஷம் கழித்து. மாடிப்படி விளக்கு, லிஃப்ட், தண்ணீர் மோட்டார் ஆகிய பொது இணைப்புக்கு மட்டும் அந்த மின்சாரம். மீந்தது தெரு லைனுக்குப் போய்விடும். அது மின்கட்டணத்தில் கழியும். பேட்டரி வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஒருவரும் ஆதரிக்கவில்லை. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர்களின் செத்த பேட்டரிகள் எல்லார் வீட்டு பால்கனியிலும் இருந்தன.

மத்தியான நேரத்தில் லிஃப்டில் ஏறுவோர் குறைவு, மோட்டாரும் ஓடாது. அவ்வளவு மின்சாரமும் வெளியே போவதைப் பார்த்து எங்கள் சங்கச் செயலாளருக்கு மனசு கேட்கவில்லை. தரைத்தளத்தில் குடியிருந்த அம்மாள் இட்லி மாவு ஆட்டி விற்பவர், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். செயலாளர் அவரிடம் போய், "தெருவுக்குத்தானே போறது, மத்தியானத்துல நீங்க ஆட்டிக்கோங்கோ" என்றார். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் பொது இணைப்பிலிருந்து ஒரு பிளக் வைத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் அதற்கு மாதம் ஒரு தொகை தந்துவந்தார். தன்னுடைய பெரிய கிரைண்டர் இரண்டையும் அங்கே இறக்கினார். சாயங்காலம் ஆட்டிக்கொண்டிருந்தவர் மத்தியானத்துக்கு மாறினார்.

போன தை மாதம் அவருக்கு முதல்முறையாக ஒரு சமையல் காண்ட்ராக்டர் ஆர்டர் கொடுத்தார். அடையாறில் கிருஹப்பிரவேசம், விடிவதற்கு முன்னால் மாவு வேண்டும். சரியாக இருந்தால் முகூர்த்தக் காலம் முழுக்க இவரிடமே எடுப்பதாகப் பேச்சு. கடைக்கு ஒரு பை, வீட்டுக்கு ஒரு பை என்று விற்றுக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய விஷயம்.

ஆர்டருக்கு முந்தின நாள் புதன்கிழமை. அன்று காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை பராமரிப்புக்காக மின்தடை என்று செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் வந்திருந்தது. எங்கள் கட்டடம் இருக்கும் மேற்கு வரிசையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நான் கத்தரித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். அந்த அம்மாள் நின்று படித்தார்.

"நாளைக்கு ஆட்ட வேண்டியிருக்கே, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மாடியில சோலார் கெடக்குல்லா சார். வெயிலுக்கு என்ன கொறச்ச?"

நானும் தலையாட்டினேன். மூன்று மாடிக் கட்டடத்தில் ஒருவருக்குக்கூட வேறு நினைப்பு வரவில்லை.

புதன் காலை சொன்ன நேரத்துக்கு மின்சாரம் போனது. விடியலிலேயே ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் அடுக்கடுக்காகத் தயாராக இருந்தன. அம்மாள் சுவிட்சைப் போட்டார். கல் அசையவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். கை வைத்தால் சுடும் அளவுக்குத் தகடுகளில் வெயில். தகடுகளோடு இணைத்திருந்த சுவர்ப் பெட்டியில் மட்டும் ஒரு விளக்கும் எரியவில்லை.

செயலாளர் சோலார் போட்ட கம்பெனிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "அது அப்படித்தான் சார். தெரு லைன்ல கரண்ட் இல்லைன்னா இதுவும் தானா நின்னுடும். இல்லைன்னா நீங்க அனுப்புற கரண்ட் கம்பத்துல வேலை செய்யறவங்க மேல பாயும்."

"இதை அன்னிக்கே சொல்லப்படாதோ?"

"சொல்லித்தான் சார் போட்டோம். பேட்டரி வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருக்கோடிக் கம்பத்தில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார். அதற்குமேல் யாரும் கம்பெனியைத் திட்டவில்லை.

இரண்டு மணிக்குமேல் ஆட்டினால் தை மாதக் குளிரில் மாவு விடியலுக்குள் பொங்காது. ஓரிரு வீட்டில் இன்னும் ஓடிய இன்வெர்ட்டர்களும் அந்தப் பெரிய கிரைண்டரை இழுக்காது. அம்மாள் அரிசியில் கையை விட்டு அளைந்துகொண்டே, "உளுந்து ரொம்ப ஊறினாலும் போச்சு சார். நான் இப்ப இத எங்கன கொண்டு போவேன்?" என்றார். அப்போதுதான் எனக்கு மிக்ஸி ஜார் காலம் ஞாபகம் வந்தது. எதிர்வரிசையில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

சிக்கல் என்னவென்றால், நேர் எதிர்க் கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் எங்களுக்கும் ஆகாது. அவர் நாலாவது மாடியில் இருப்பவர். சாயங்காலம் எங்கள் தகடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நேரே தன் ஹாலில் விழுகிறது என்று இரண்டு தடவை வந்து சொன்னார். இரண்டு தடவையும் எங்கள் செயலாளர், "ஜன்னலுக்குத் திரை போட்டுக்கோங்களேன்" என்று அனுப்பிவிட்டார்.

செயலாளர் வரத் தயங்கினார். அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். எதிர்க்கட்டடக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னாமா, சூரியனுக்கு இன்னிக்கு லீவா?"

"அண்ணாச்சி, நாளைக்கு மொத ஆர்டரு. ரெண்டு கிரைண்டர் போட எடம் வேணும். கரண்டு காச நான் குடுத்துருதேன்."

"காசு யார் கேட்டா? உங்க செக்ரட்டரி எங்க கீறாரு?"

"மேலே இருக்கார்" என்றேன்.

"நீ ஆட்டிக்கோமா, அத்த வுடு. சாயங்காலம் நாலரைக்கு அவர என் ஹால்ல வந்து குந்த சொல்லு. டிவி பாக்கட்டும். ஒரு அர அவரு பாத்தார்னா போதும்."

தண்ணீர் கேன் போடுகிறவரின் மூன்று சக்கர வண்டியில் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன. பின்னாலேயே அரிசி, உளுந்து அடுக்குகளை நாங்கள் தூக்கிப் போனோம். பத்தரை மணிக்குக் கல் சுற்றத் தொடங்கியது. இரண்டு மணிக்கு எங்கள் வரிசைக்கு மின்சாரம் வந்தபோது கடைசி ஈடு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தி இடம் மாற்ற யாரும் நினைக்கவில்லை. அரைத்த மாவைத் தன் சமையலறையில் வைத்து, பாத்திரங்களைப் பழைய போர்வையால் சுற்றினார் அம்மாள்.

நாலரைக்குச் செயலாளர் போனார். கால் மணியிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார். "மனுஷன் சொன்னது நிஜந்தான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் வந்து முன்வரிசைத் தகடுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றிப் போட்டார்கள்.

வியாழன் விடியற்காலை நான் நடைக்குக் கிளம்பியபோது காண்ட்ராக்டரின் வேன் வாசலில் நின்றது. அம்மாள் போர்வையை விலக்கி மூடியைத் திறந்தார். மாவு விளிம்பு வரை வந்திருந்தது. காண்ட்ராக்டர் கரண்டியால் ஒரு தடவை அள்ளி ஊற்றிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரங்களை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டுத் திரும்பி, "அடுத்த வெள்ளிக்கிழமை மயிலாப்பூர்லயே ஒரு நிச்சயதார்த்தம். இதே அளவு. முடியுமா?" என்றார்.

அம்மாள் உடனே சரி சொல்லவில்லை. "வியாழக்கெழம கரண்டு இருக்கான்னு கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.