எதிர் நாற்காலி

பாண்டிச்சேரியில் எந்தக் கடைக்கு எதிரில் எத்தனை மணிவரை நிழல் இருக்கும் என்று கேட்டால் குமரேசன் தூக்கத்தில்கூடச் சொல்வான். அந்தக் கடைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பதினேழு வருஷமாக அவன் டாக்சி ஓட்டுகிறான். ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஸ்டாண்டு. தியானத்துக்கென்று ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு நாலு நாள் மௌனத்துக்குப் பிறகு ஐந்தாம் நாள் எப்படியோ பாண்டிச்சேரிக் கடலும் கடைத்தெருவும் ஞாபகம் வந்துவிடும். குமரேசன் ஏற்றிக்கொண்டு போவான். அவர்கள் துணி எடுப்பார்கள், மீன் சாப்பிடுவார்கள், பிறகு குடிக்கப் பப்புக்குள் நுழைந்தால் எப்போது வருவார்கள் என்று தெரியாது. இவன் வெளியே சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பான். உல்லாசம் அவர்களுக்கு, முதுகுவலி இவனுக்கு.

அவன் மனைவி தமிழ்செல்வி வேங்கிக்காலில் வீட்டோடு ஜாக்கெட் தைக்கிறாள். நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் விடாமல் கேட்டது ஒன்றுதான்.

"ஒரே ஒரு நாள் ஓட்டல்ல என் எதுர்ல ஒக்காந்து சாப்புடுங்க. போன் வரக்கூடாது. யாருக்கோசரமும் பாதியில எழுந்து ஓடக்கூடாது."

"கூட்டிம்போறேன்" என்று இவனும் வருஷாவருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது. கடைசியில் பௌர்ணமிக்கு மறுநாள் பாண்டிச்சேரி என்று முடிவானது. பௌர்ணமி முடிந்தால் ஸ்டாண்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் பௌர்ணமிக்கு இரண்டு நாள் ராத்திரியும் பகலும் கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கியதில் அவன் கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னொரு நாள் போகலாமா என்று கேட்க வாயெடுத்தான். அவள் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். வாயை மூடிக்கொண்டான்.

போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் என்ன சவாரியா?" என்று சிரித்துவிட்டுத் தமிழ்செல்வி முன்பக்கம் ஏறிக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். பப்பு என்றால் என்னவென்று பார்த்துவிட வேண்டுமாம், அங்கே எலுமிச்சை ஜூஸும் கிடைக்குமென்று சென்னையில் படிக்கிற மகள் கவியா சொல்லியிருக்கிறாளாம். குமரேசன் உம் கொட்டினான். தூக்கம் கண்ணைச் சொக்கியது.

கடைத்தெருவில், "நீ போய்ப் பாத்துகினு இரு, வண்டிய நிழல்ல வுட்டுட்டு வரேன்" என்றான். விட்டான். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடலாமென்று சாய்ந்தான். கண்ணாடியைத் தட்டி அவள் எழுப்பியபோது ஒண்ணேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கையில் ஒரு பை இருந்தது.

"உங்களுக்குத்தான் சட்டை. அளவு பாக்க ஆளத்தான் காணோம்."

தலையைச் சொறிந்தான். சரி, சாப்பாட்டில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

சவாரிகளை வழக்கமாக அழைத்துப் போகிற ஓட்டலுக்கே போனான். ஆள் கொண்டுவருகிற டிரைவருக்குப் பின்னால் தகர ஷெட்டில் சாப்பாடு இலவசம். பெரிய ஓட்டல்கள் பலவற்றில் இது உண்டு. வாசலில் காவல் நிற்கிற ராஜமாணிக்கம் இவன் வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"வாப்பா குமரேசா. பார்ட்டி எத்தன பேரு?"

"ஒருத்தர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது இவன் காதிலேயே விழவில்லை. ராஜமாணிக்கம் தமிழ்செல்விக்குக் கதவைத் திறந்து விட்டார். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குமரேசன் வண்டியை ஒதுக்கினான். கால்கள் அவனைக் கேட்காமலே பின்பக்கம் போயின. தட்டு வந்தது, சோறு வந்தது. பசி வேறு. ரசத்துக்கு வந்த பிறகுதான், பக்கத்திலிருந்த டிரைவர் "பார்ட்டி எந்த ஊரு?" என்று கேட்டார்.

கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து ஓடினான்.

உள்ளே ஜன்னலோரம் சின்ன மேசையில் அவள் இருந்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது. ஒருத்தர்தான் என்று சர்வர் எதிர் நாற்காலியை எடுத்து அடுத்த மேசைக்குப் போட்டிருந்தார். குமரேசன் ஈரக் கையோடு நின்றான். வாழ்நாளில் அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"நாற்காலி எடுக்க வேணாம், ஆளு வருதுன்னு சொன்னேன். ரெண்டு தரம் கேட்டாங்க. அப்புறம் நானே எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டாள். ஊருக்குத் திரும்புகிற ரோடு வந்தது. குமரேசன் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

பப்பு வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் கேட்டார், "எத்தன பேரு சார்?"

"ரெண்டு பேரு. நானும் என் வூட்டுக்காரியும்."

இரண்டு எலுமிச்சை ஜூஸ் சொன்னான். நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். போனை எடுத்து அணைத்தான். இந்தக் கட்டடத்துக்கு வெளியே எத்தனை ராத்திரி கொசுக்கடியில் கிடந்திருப்பான். உள்ளே ஜில்லென்று இருந்தது. அவளுக்கு வருத்தம் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் விளக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஜூஸை உறிஞ்சினாள்.

"இவ்ளோதானா பப்பு?" என்றாள்.

குமரேசனின் பார்வை கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது. எதிர் வேப்பமரத்தடியில், இவன் வழக்கமாக நிறுத்துகிற அதே இடத்தில், யாரோ ஒரு டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"அந்த எடத்துல மூணு மணிக்கு மேல வெயில் வந்துடும். அவருக்குத் தெரியல போல. ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு..."

பாதி எழுந்துவிட்டான். தமிழ்செல்வி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தான். அவள் கையை எடுக்கவில்லை.