அப்பா குடித்த விமான எண்ணெய்

அந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் பகலில் வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். இல்லாதவன் நான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான் வெளியே போனால், அந்த வீட்டில் எழுதிவைத்த எதையும் வாசிக்க ஆளில்லை. இது எனக்குத் தெரியாத விசயமில்லை. ஆனால் அதற்குப் பயப்பட வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை.

நான் பயந்ததெல்லாம் வேறு விசயங்களுக்கு.

கம்பஸில் என்னோடு படிக்கும் செங்கலடி நண்பனுக்கு, வெளிநாட்டில் இருக்கும் அவனுடைய மாமா ஒரு பழைய ரிமோட் விமானத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். பற்றரியில் ஓடுகிற ரகமில்லை. மூக்கில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு உண்மையான எஞ்சின். பெற்றோல் ஊற்றினால் அது இயங்காது. உள்ளே பொறி தட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கம்பிச்சுருள் சிவந்து கனன்றபடி இருக்கும். அதை அணையவிடாமல் வைத்திருப்பது மெதனோல். அதோடு எஞ்சின் தேயாமலிருக்க எண்ணெய். வேகம் வேண்டுமென்றால் நைட்ரோமெதேன்.

கொழும்பில் ஒரு கடையில் கலந்த டின்னே இருந்தது. பத்து வீதம் நைட்ரோ, பதினைந்து வீதம், இருபத்தைந்து வீதம் என்று மூன்று நிறத்தில். தீப்பற்றுகிற சாமான் என்றபடியால் பார்சலில் அனுப்ப மாட்டார்கள், நேரே போய்த்தான் எடுத்துவர வேண்டும். நண்பன் பதினைந்தில் நின்றான்.

"நைட்ரோ இருந்தாத்தான் மச்சான் எஞ்சின் மெதுவா ஓடக்குள்ள நிண்டுபோகாது."

"நைட்ரோ எண்டு பெரிசா எழுதின டின்னோட நான் பஸ்ஸில வரமாட்டன்."

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்! நீ இன்னும் செக்பொயின்டுக் கனவிலதான் இரிக்காய்."

"கனவோ நனவோ, வழியில இறக்கி பேக்கைக் கொட்டச் சொன்னா நீ வந்து விளங்கப்படுத்துவியா? எஞ்சின் மெதுவா ஓடுறதுக்கு எண்டு, சிங்களத்தில?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த எஞ்சின் கையேட்டை முழுவதும் வாசித்துப் பார்த்தேன். நைட்ரோ இல்லாமலும் ஓடும் என்றும், எண்பது பங்கு மெதனோலும் இருபது பங்கு ஆமணக்கெண்ணெயும் போதும் என்றும் அதில் இருந்தது. அந்த வரியைக் கண்டபோது பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி இருந்தது. நாங்களே கலப்போம் என்றேன். இரண்டு சாமானும் இங்கேயே கிடைக்கும், எந்தப் பையையும் யாரும் கொட்டிப் பார்க்கத் தேவையில்லை.

மெதனோலை டவுனில் இரசாயனச் சாமான் விற்கும் கடையில் வாங்கினோம். கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாத தம்பி, கண் போயிரும்" என்றார். ஆமணக்கெண்ணெய்க்குச் செங்கலடி மருந்துக்கடைக்குப் போனோம். அங்கே இருந்த வயசாளி நாங்கள் கேட்ட அளவைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருநூறு மில்லியா? ஆருக்கு வயிறு கட்டிப்போச்சு, யானைக்கா?"

"விமானத்துக்கு ஐயா" என்றான் நண்பன்.

"அப்ப அது பறக்கக்குள்ள கீழ நிக்காத மனே."

எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துக் கலந்தோம். எண்ணெயில் வேறு எண்ணெய் சேர்ந்திருந்தால் கலவை பால் மாதிரிக் கலங்கிப்போகும், நல்லதென்றால் தெளியும். தெளிந்தது. சாராய வாடையும் ஆமணக்கு வாடையும் சேர்ந்து ஏதோ அரிட்ட மருந்து மாதிரி மணத்தது. மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, வெள்ளைத் தாள் ஒட்டி, தடித்த பேனையால் எழுதினேன்: நஞ்சு. தீப்பற்றும். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. அடுப்படிக்குக் கிட்டப் போகக்கூடாது, வெயில் படக்கூடாது. துளசிப் படம் போட்ட மருந்துக்கடைப் பைக்குள் போட்டு, உள்ளறையில் அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். வீட்டிலேயே நெருப்பு வராத மூலை அதுதான்.

மறுநாள் போயா. காலையில் நண்பன் வீட்டுக்குப் போய் விமானத்தின் இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தேன். காற்றடங்கப் பின்னேரம் வந்து போத்தலை எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்த வயல் வட்டையில் பறக்கவிடுவதாகத் திட்டம். பகல் சாப்பாட்டுக்கு முதல் அம்மாவின் போன் கோல் வந்தது.

"மகன், அந்த மருந்து எத்தின கரண்டி குடுக்கிற?"

"எந்த மருந்து?"

"நீ அப்பாக்கு வாங்கி மாட்டின மருந்து. துளசிப் படம் போட்ட பை. போத்தல் மேல பெரிசா எழுதியும் இரிக்கு, எத்தின கரண்டி எண்டுதானே எழுதியிருப்பாங்க? மனிசனுக்கு மூணு நாளா வயிறு கட்டி. நான் ஒரு மதிப்பில கால் கோப்பை குடுத்தன். இன்னும் இளகல்ல. அதுதான் இன்னும் கொஞ்சம்..."

கையிலிருந்த பசை இறக்கையில் வழிந்தது. பக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது: "அவனிட்டச் சொல்லு, நல்ல சாமான். இதுக்குள்ள ஸ்பிரிட்டும் போட்டிரிக்கான்."

"அம்மா, இன்னும் குடுக்காதீங்க. ஒரு சொட்டும் குடுக்காதீங்க. ஓட்டோ பிடிச்சு இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. போத்தலையும் கொண்டு வாங்க."

"என்னகா, ஏன் கத்துறாய்? பேதிக்கு ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போறதா?"

"அம்மா, அது நஞ்சு."

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோக்காரப் பொடியனைக் கூப்பிடுகிற அவவின் குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து போகும்போது அப்பாவின் கண்களைத் தவிர வேறொன்றும் நினைவில் வரவில்லை. அப்பா ஆற்றில் வீச்சுவலை எறிகிறவர். தண்ணீர் சுழிக்கிற விதத்தைப் பார்த்து இது செத்தல், இது மணலை என்று மீனின் பெயரைச் சொல்லுவார். எனக்கு அதில் ஒன்றும் தெரிந்ததில்லை, எனக்குத் தண்ணீர்தான் தெரியும். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஆறு முழுவதையும் வாசிப்பார். அந்தக் கண் போனால் அப்பாவிடம் மிச்சம் என்ன?

எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் அப்பா வாங்குப் பலகையில் சாவகாசமாக இருந்தார். அம்மா போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா, பிள்ளையைப் பிடிப்பது போல.

"எனக்கு ஒண்டுமில்லகா" என்றார் அப்பா. "வயிறுதான் இன்னும் அப்பிடியே கிடக்கு."

டொக்டர் இளம் பெண். கலவை என்னவென்று கேட்டா. எண்பதுக்கு இருபது என்றேன், நைட்ரோ இல்லை என்றேன். குடித்து எவ்வளவு நேரம் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டா.

"இப்ப நல்லாத்தான் இருப்பார். அதை நம்பாதீங்க. நாளைக்குப் பனிப்புகார் மாதிரித் தெரியுது எண்டு சொல்லுவார், அதுக்குப் பிறகு கஷ்டம். டவுனுக்கு அனுப்பப் போறன். அதுக்கு முதல் இஞ்சயே தொடங்கணும். சாராயம் வேணும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"சாராயம். உடம்பு முதல்ல சாராயத்தைத்தான் எரிக்கும், மெதனோலை விட்டு வைக்கும். அந்த நேரத்துக்குள்ள மெதனோலை வெளியேத்தலாம். களவாக் காய்ச்சுற கசிப்பு வேணாம், அதிலயும் இதே சாமான் கிடக்கும். சீல் உடைக்காத போத்தல்."

"டொக்டர், இண்டைக்குப் போயா."

அவ பேனையைக் கீழே வைத்தா. போயாவுக்குச் சாராயக் கடை எல்லாம் பூட்டு. நான் வெளியே நின்ற நண்பனிடம் ஓடினேன்.

செங்கலடியில் ஒரு ஒழுங்கைச் சந்துக்குள் போயாவிலும் போத்தல் கிடைக்கும் என்று நண்பனுக்குத் தெரிந்திருந்தது. வேலி இடுக்கால் ஒரு அக்கா எட்டிப் பார்த்தா. என் கண்ணீரைக் கண்டு முகம் மாறினா.

"என்ன, காதலா?"

"இல்லக்கா. அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"அப்பன் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள உனக்குக் குடி கேக்குதா? வெக்கமில்லையா?"

"எனக்கில்லக்கா. அப்பாக்குத்தான்."

"அவருக்கா!"

"டொக்டர்தான் வாங்கிவரச் சொன்னவ."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "நல்ல டொக்டர். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லு, என்ட மனிசனையும் கொண்டுபோய் விடுறன், அவனுக்கும் நாளும் பொழுதும் இதே வருத்தம்தான்." சிரித்தபடியே உள்ளே போனா, வருவாவா என்று தெரியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தா. சீல் உடையாத போத்தல். விலையில் மட்டும் இரக்கம் இல்லை. நண்பனின் பொக்கற்றையும் என்னுடையதையும் கொட்டிக் கொடுத்துவிட்டு ஓடினோம்.

இனி அப்பா. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். கிளாசைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"அம்மாளுக்குச் சொன்ன சொல். வேற மருந்து தாங்க."

டொக்டர் சொன்னா, நான் சொன்னேன், நண்பன் சொன்னான். கடைசியாக அம்மா கிளாசைக் கையில் எடுத்தா.

"கலியாணம் கட்டின நாள்ல இருந்து குடிக்காதீங்க எண்டு அழுதன். இண்டைக்குக் குடியுங்க எண்டு அழுறன். ரெண்டுக்கும் என்னை அழவைக்கிறீங்களே மனிசா."

அப்பா குடித்தார்.

டவுனில் அளந்து அளந்து மணிக்கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். ஊசியும் போட்டார்கள், இரத்தமும் எடுத்தார்கள். அடுத்த நாள் அப்பா நல்ல வெறியில் கூத்துப் பாட்டுப் பாடினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தாளம் போட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் விரலைக் காட்டிக் கேட்டேன். முதலில் சரியாகச் சொன்னார். பிறகு ஒருமுறை கண்ணைச் சுருக்கினார்.

"ரெண்டு பேரா நிக்காய். விளிம்பெல்லாம் புகையா இரிக்கு."

நான் தாதியைத் தேடி ஓடினேன். வந்து பார்த்த டவுன் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது சாராயத்தாலும் இருக்கலாம், மற்றதாலும் இருக்கலாம் என்றார். வெறி இறங்கும்வரை சொல்ல முடியாதாம். சாராயம் அவரைக் காப்பாற்றுகிறதா, மறைக்கிறதா என்று தெரியாமல் அம்மாவும் நானும் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரே ஒரு தடவை மெல்லக் கேட்டா: "அதில என்ன மகன் எழுதியிருந்தாய்?" நான் சொன்னேன். அவ அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தா.

சாராயத்தை நிறுத்திய பிறகு அப்பா நீளமாகத் தூங்கினார். எழும்பியதும் கட்டிலில் இருந்தபடி கீழே, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டித்தான் கிடக்கிறதோ?

"என்னடா இது" என்றார். "ஒரு கால்ல நீலச் செருப்பு, மற்றக் கால்ல கறுப்பு. நீலத்தில வார் அறுந்து ஊசி குத்திக் கிடக்கு."

குனிந்து பார்த்தேன். கறுப்பு நண்பனுடையது. இரண்டு நாளாக எனக்கே தெரியவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. அப்பா அவவைப் பார்த்து, "இனியும் குடிக்கச் சொல்லியா அழுறாய்?" என்றார்.

டொக்டரும் வந்து பார்த்து, கண் தப்பியது என்று சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரி, மருந்துக்கும் கட்டிலுக்கும் ஒரு சதமும் எடுக்கவில்லை. அம்மா வந்த ஓட்டோக்காரப் பொடியனும் காசு வேண்டாம் என்றுவிட்டான். மொத்தத்தில் அப்பாவின் கண்ணுக்கு நாங்கள் கொடுத்தது அந்த ஒழுங்கை அக்காவின் போயா விலை மட்டும்தான்: ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா.