போலி என்று நான் சொன்ன நடிகர்

அவர் ராசிபுரத்துக்கு வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியபோது எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. முந்தின வருஷம்தான் ஒரு சினிமா ஹாஸ்யக்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்து ஆடிவிட்டுப் போயிருந்தான்.

இவரோ சாமானியப்பட்டவர் அல்ல. இவருடைய முதல் படத்துக்கு எங்கள் தெருவே வண்டி கட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனது. தறியில் உட்கார்ந்து இவர் பாட்டைப் பாடாத ஆள் கிடையாது. இவர் மாதிரி கிராப்பு வெட்டிக்கொண்டதற்காக என் அண்ணன் அப்பாவிடம் அடி வாங்கினான். மூன்றாவது படத்தில் கூட்டம் குறைந்தது. நாலாவதைச் சொந்தமாக எடுத்தார். அது சேலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பிறகு தொண்டை கெட்டுவிட்டது என்றார்கள், பம்பாய்க்கு ஓடிவிட்டார் என்றார்கள், செத்தே போனார் என்று சந்தையில் ஒருவர் சத்தியம் செய்தார். அவர் எங்கள் ஊர் அரிசி மில் களத்தில் நாடகமாட வருகிறார் என்றால் எப்படி நம்புவது?

ஆளும் வந்து சத்திரத்தில் இறங்கினார். படத்தில் பால் போல இருந்தவர், நேரில் கறுத்து, கன்னம் ஒட்டி இருந்தார். தெருவுக்குப் பெரியதனக்காரரான என் பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்போது வாத்தியார் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ போயி நாலு கேள்வி கேளு சாமி. படிச்சவனை ஏமாத்த முடியாது. அந்தாளு இல்லீன்னா நோட்டீசுல பேரை மறைக்கச் சொல்லிப்புடலாம்.”

நாலு படங்களின் பாட்டுப் புத்தகங்களும் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்கு எழுதுவதுபோல் பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் உப்பு வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியில் அவர் பெயர் எழுதியிருந்தது. பெட்டியில் எவன் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன். வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கேளுங்கள் தம்பி என்றார்.

மூன்றாவது படத்தின் இரண்டாம் பாட்டைக் கேட்டேன். பல்லவியோடு நின்றுவிட்டார். நாயகியின் தகப்பனான ராஜாவுக்குப் பெயர் என்ன என்றேன். ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்றார். சொந்தப் படத்தில் எத்தனை பாட்டு என்றதற்கு, வெட்டிக்கொண்டே வந்ததில் கடைசியில் எத்தனை மிஞ்சியதோ தெரியாது என்றார். அந்தப் படம் எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

“நான் அதைப் பார்க்கவே இல்லை தம்பி. ஓடலைன்னு தந்தி வந்துது. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?”

எனக்கு அதோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது. தன் கைப்பொருளைப் போட்டு எடுத்த படத்தைப் பார்க்காதவன் உண்டா?

தமக்கு எத்தனை மார்க்கு என்று கேட்டார். பத்துக்கு மூன்று என்றேன். சிரித்தார்.

“ஆடச் சொன்னா ஆடறேன், வேண்டாம்னா போயிடறேன். பேரை மட்டும் மறைக்க வேணாம்னு சொல்லுங்க. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

போலி இப்படித்தான் பேசுவான் என்று எனக்குப் பட்டது. பெரியப்பாவிடம் போய், இந்த ஆள் அவர் இல்லை என்றேன். மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த நோட்டீஸ்களிலெல்லாம் அந்தப் பெயர்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள். அவர் பெயரில்லாமலே ஆடினார். கரகரத்த குரல்தான், ஆனால் களம் அசையாமல் கேட்டது. அசல் ஆள்கூட இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பாவை ஒரு புதுப் படத்துக்குச் சேலம் அழைத்துப்போனேன். பக்கத்தில் இருப்பவர்களுக்காகத் திரையில் வரும் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். ஏழாவதாக அவர் பெயர் வந்தது. அதையும் படித்தேன். படத்தில் அவர் நாயகியின் நோயாளித் தகப்பனாக வந்தார். அதே ஒட்டிய கன்னம், அதே கரகரத்த குரல். சத்திரத்தில் நான் பார்த்த மனிதர்தான். அசல் ஆளைத்தான் நான் போலி என்று சொல்லியிருந்தேன்.

பெரியப்பாவும் அடையாளம் கண்டுகொண்டார்.

“பாத்தியா, நம்மூருக்கு வந்த போலி. அந்தாளு பேரை வெச்சுக்கிட்டே சினிமாவுக்குள்ள நொழஞ்சுட்டானே. நீ அன்னைக்கே கண்டுபுடிச்சுட்ட சாமி.”

முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.